முதலில் வந்த பதில்

சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ்.
ஒன்பது கம்ப்யூட்டரில் ஆறுக்கு
காலையில் இருந்து ஊர் தெரியவில்லை.
மீதி மூன்றும் நேற்று யாரும் அணைக்காமல் விட்டவை.

"நெட்டு இருக்குதுங், ஆனா போகமாட்டேங்குது"
என்றாள் பில் போடும் இசைவாணி.
ஜவ்வரிசி மூட்டை ஏற்றிய பதினாறு சக்கரம்
இந்தூர் போக வெளியே நிற்கிறது.
இ-வே பில் வராமல்
வைகுந்தம் டோல்கேட் தாண்டமாட்டேன் என்று
டிரைவர் அங்கப்பன்
முன் கண்ணாடியை இரண்டாம் முறை கழுவுகிறார்.

நான் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
"நேத்து யாராச்சும் எதையாச்சும் தொட்டீங்களா?"
பதினொரு வருஷத் தொழிலில்
யாராவது எதையாவது தொட்ட ஆபீஸை
நான் பார்த்ததே இல்லை.

கறுப்புத் திரையைத் திறந்து எண்ணைப் பார்த்தேன்.
இங்கே எல்லோரும் பத்தில் ஆரம்பிக்கிற வம்சம்.
இவள் கம்ப்யூட்டரோ
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்கிறது.
பக்கத்து மேஜையில் நூற்று அறுபத்தொன்பது.
அது கேட்டுக் கேட்டு
ஒருவரும் பதில் தராதபோது
தனக்குத் தானே சூட்டிக்கொள்கிற எண்.
அதை வைத்துக்கொண்டு
அதேபோல் கைவிடப்பட்ட இன்னொன்றோடு மட்டும் பேசலாம்.

சுவிட்ச் போட்டதும் ஒரு கம்ப்யூட்டர்
யாரையும் குறிப்பிடாமல்
மொத்தக் கம்பிக்கும் கத்துகிறது:
நான் யாருங்க? எங்க இருக்கறனுங்க?
பதில் சொல்ல ஒருவன்தான் இருக்கவேண்டும்.
இரண்டு பேர் இருந்தால்
எது சரி என்று அது யோசிப்பதில்லை.
முதலில் வந்த பதிலை வாங்கிக்கொண்டு
எட்டு நாள் குத்தகைக்குக் குடியேறிவிடும்.

பூட்டை உடைக்காமல், குரல் உயர்த்தாமல்
இந்த ஷெட்டுக்குள் எங்கோ ஒருவன்
கேட்டவர்க்கெல்லாம் வீடு எழுதித் தருகிறான்.
வாசல் மட்டும் இல்லை அந்த வீடுகளுக்கு.

முதலாளி பொங்கியண்ணன் வைரஸ் என்றார்.
ஆபீஸ் நேரத்தில் சேலை பார்க்கக்கூடாது என்று
பொதுவாகச் சொல்லிவிட்டு
இசைவாணியைப் பார்த்தார்.
அவள் பில் புத்தகத்தைப் பார்த்தாள்.

பொய் வாசலை விடாமல் தட்டும்படி
ஒரு திரையை ஏவிவிட்டு
ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கினேன்.
பதில்.
பதில்.
பதில்.
பதினேழாவதைப் பிடுங்கியதும் நின்றது.

லேபிள் இல்லாத கேபிள்.
சுவரோரம் போய், ஜன்னல் கம்பியில் ஒருமுறை சுற்றி
டயர் ரூமுக்குள் இறங்கியது.
ரீட்ரெட் டயர் அடுக்குக்குப் பின்னால்
சிலந்தி வலைக்குள்
பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஒரு பழைய ரவுட்டர்.
அதே பிளக் பலகையில் கிளீனர் பையனின் செல்போன்.
ராத்திரி சார்ஜ் போட சுவிட்சைத் தட்டியிருக்கிறான்.
அவன் செய்தது அவ்வளவுதான்.

தூசியைத் துடைத்தேன்.
வெள்ளை டேப்பில் நீல மார்க்கர்:
"தற்காலிகம். திங்கட்கிழமை எடுக்கணும்."
என் எழுத்து.

சித்திரையில் இடி விழுந்து
மெயின் பாக்ஸ் கருகிப்போன வாரம்
அவசரத்துக்கு நான் வைத்துவிட்டுப் போனது.
எந்தத் திங்கள் என்று எழுதவில்லை.

திரும்பி வந்து ஆறு கம்ப்யூட்டரிடமும்
விடு என்றேன், மறுபடி கேள் என்றேன்.
பத்து வந்தது. வாசல் வந்தது. பிரிண்டர் இருமியது.
பில்லை நாலாய் மடித்து
பனியனுக்குள் செருகிக்கொண்டு போனார் அங்கப்பன்.

"என்ன கோளாறு?"
"பழைய பாக்ஸ் ஒண்ணுங்க. தப்பு அட்ரஸ் குடுத்துட்டிருந்துச்சு."
"எவன் வெச்சது?"

கேள்வி மொத்த ரூமுக்கும் போனது.
நான் வாயைத் திறப்பதற்குள்
பதிலையும் அவரே சொன்னார்:
"அந்தக் கிளீனர் பயலாத்தான் இருக்கும்."
எல்லோரும் அதை வாங்கிக்கொண்டார்கள்.

"வெச்சது நானுங்க" என்றேன்.
அவர் ஃபோனை எடுத்துவிட்டார்.
டயர் ரூமில் மணி அடிப்பது இங்கேயே கேட்டது.

இசைவாணி டேப்பைப் படித்தாள்.
சித்திரை மாதத்து என் பில்லைத் தேடியெடுத்து
அதன் பக்கத்தில் வைத்தாள்.

"சத்தமாச் சொல்லுங்ணா."